பெட்டிக்குள் போன பெண் திரும்பி வந்தாளா?

1956 ஏப்ரல் 9-ம் தேதி ராத்திரி, லண்டனில் பி.பி.சி.யின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திணறிப் போய்விட்டது. கூப்பிட்ட அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி. 'அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா, செத்துவிட்டாளா?'

காரணம் நம்ம ஆள் ஒருத்தர். வங்காளத்து பி.சி. சர்க்கார். 'பனோரமா' என்று நாட்டுநடப்புகளை அலசும் கனமான நிகழ்ச்சி, பார்க்கிறவர்களும் கனமானவர்கள். அன்றைக்கு அதில் சர்க்காருக்குச் சில நிமிடங்கள் கொடுத்திருந்தார்கள். தீப்தி டே என்ற பதினேழு வயது உதவியாளரை மேஜை மேல் படுக்க வைத்து, மயக்கத்தில் ஆழ்த்தி, மரக்கடையில் சுற்றுமே, அந்த மாதிரி வட்ட ரம்பத்தை இடுப்பின் குறுக்கே இறக்கினார். ரம்பம் நின்றது. கைகளைத் தேய்த்து எழுப்பினார். பெண் அசையவில்லை. சர்க்கார் தலையை ஆட்டினார். ஒரு கறுப்புத் துணியை எடுத்து முகத்தை மூடினார். உடனே நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்ட் டிம்பிள்பி காமிராவுக்கு முன்னால் வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்ல, எழுத்துக்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரன் கதி என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

நேரம் போதவில்லை, அதனால் முடிக்க வேண்டியதாயிற்று என்றார்கள். மேடையில் ஒரு வினாடி பிசகாதவர் என்று பேர் வாங்கிய மனுஷருக்கு அன்றைக்கு மட்டும் நேரம் போதவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பலாம். விஷயம் இதுதான்: ட்யூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அவர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் சரியாகப் போகாமல் இருந்தது. மறுநாள் பேப்பரெல்லாம் அறுபட்ட பெண்தான். அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை. தீப்தி டே சௌக்கியமாகவே இருந்தார்.

இதே கேள்வியால் எங்கள் அடி அண்ணாமலையில் ஒரு மாசம் சண்டை நடந்திருக்கிறது.

கிரிவலம் வந்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். பதினாலு கிலோமீட்டரில் கால் கெஞ்ச ஆரம்பிக்கும் இடத்தில், மலைக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. (முதுகுப் பக்கம் என்று ஊருக்குள் வந்து சொல்லிவிடாதீர்கள். ஆதி அண்ணாமலையார் எங்கே இருக்கிறாரோ அதுதான் முன்பக்கம் என்று வாதாடப் பத்துப் பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள்.) எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரே ஒரு பஞ்சாயத்து டி.வி. கதவு வைத்த மரப்பெட்டி, அதற்கொரு பூட்டு, சாவி ஒருத்தரிடம். மூங்கில் கம்பத்தில் ஆன்ட்டெனா. மெட்ராஸ் ஒரு பக்கம், நாங்கள் இன்னொரு பக்கம், நடுவில் 2,668 அடி உயரத்துக்கு அண்ணாமலையார். படம் எப்படித் தெரியும்? எந்த நிகழ்ச்சியானாலும் பனிமழைக்குள் நடக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு புத்தாண்டு ராத்திரி. சிறப்பு நிகழ்ச்சியில் மேஜிக் ஷோ. ஜரிகைக் கோட்டு, தலைப்பாகை, அதில் ஒரு இறகு. இந்த யூனிபார்ம் சர்க்கார் ஆரம்பித்து வைத்தது. அப்புறம் நம்ம ஊர் மேஜிக் நிபுணர்கள் பலர் மகாராஜா மாதிரியேதான் வந்தார்கள். ஒரு பெண்ணைப் பெட்டியில் நிற்க வைத்து மூடினார். ஒரு சுற்று சுற்றினார். திறந்தார். காலி! கூட்டம் 'ஆ' என்றது. மறுபடி மூடினார். மந்திரக்கோலைத் தூக்கினார். கதவில் கை வைத்தார்...

அந்த நேரம் பார்த்து மூங்கில் கம்பத்தில் ஒரு குரங்கு தாவியது.

ஆன்ட்டெனா திரும்பிவிட்டது. டி.வி.யில் வெறும் புள்ளி. இளவட்டங்கள் ஓடிப் போய்க் கம்பத்தைத் திருப்ப, 'இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயையோ, போச்சு' என்று இங்கேயிருந்து ஒருத்தர் கத்த, படம் வந்தபோது யாரோ கர்நாடக இசை பாடிக்கொண்டிருந்தார்கள்.

லண்டன்காரனுக்கு டிம்பிள்பி, எங்களுக்குக் குரங்கு.

என் அத்தைக்கு மூணு நாள் தூக்கமில்லை. "டேய், அந்தப் பொண்ணு வந்துச்சா, இல்லியாடா?"

"வந்திருக்கும் அத்தே. இல்லாட்டி போலீஸ் சும்மா விடுமா?"

"நீ பாத்தியா?"

"பாக்கலை."

"அப்ப வாய மூடு. அதப் பெத்தவ எப்படித் துடிச்சிருப்பா!"

மாமா கட்சி வேறு. பெட்டிக்கு அடியில் பள்ளம் இருக்கும் என்றார். தலையாரி கட்சி, டி.வி. ஸ்டேஷனில் எல்லாம் ஃபிலிமை வெட்டி ஒட்டுகிற வேலை என்றது. நான் இந்தத் தலையாரியை அப்போது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆனால் டெலிவிஷன் மேஜிக்கின் மொத்த வியாதியையும் முதலில் கண்டுபிடித்த ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான்.

மேடையில் பெண் மறைந்தால் ஆச்சரியம். டி.வி.யில் மறைந்தால் என்ன ஆச்சரியம்? சினிமாவில் விட்டலாச்சாரியா தினம் பத்துப் பேரை மறைய வைத்தார். யாரும் தூக்கம் கெடவில்லை. அமெரிக்காவில் மார்க் வில்சன் என்பவருக்கு 1960-லேயே இந்தப் பயம் வந்திருக்கிறது. சி.பி.எஸ். டெலிவிஷனில் வாரா வாரம் மேஜிக் காட்ட ஆரம்பித்தபோது தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எதிரே நிஜமான ஜனங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வித்தை நடக்கும்போது காமிரா வேறு பக்கம் திரும்பக் கூடாது. பிறகு வந்தவர்களும் இதைச் சத்தியப்பிரமாணம் மாதிரி சொல்லிக்கொண்டார்கள்.

சட்டம் என்றால் சந்து இருக்காதா? 1983-ல் டேவிட் காப்பர்ஃபீல்டு நியூயார்க் சுதந்திர தேவி சிலையையே மறைய வைத்தார். காமிரா தந்திரம் இல்லை, நேரில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கோபுரங்கள், நடுவில் திரை. திரை மூடியது, திறந்தது. சிலையைக் காணோம்! பிற்பாடு பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்: சிலை எங்கும் போகவில்லை, பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்த மேடைதான், அவர்களுக்கே தெரியாமல், மெதுவாகத் திரும்பியது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் புரிய ஒன்றுமில்லை. மலை நின்ற இடத்தில் நிற்கிறது, நாம்தான் திரும்புகிறோம். ஒவ்வொரு திருப்பத்திலும் வேற மலை. இந்திர லிங்கத்தில் பார்த்ததும் எங்கள் ஊரில் பார்ப்பதும் ஒன்று என்று சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது.

சர்க்காரின் மகன் பி.சி. சர்க்கார் ஜூனியர், 2000 நவம்பரில் தாஜ்மகாலையே மறைய வைத்தார். யமுனையின் எதிர்க்கரையிலிருந்து பார்த்தார்கள். இரண்டு நிமிஷம். அப்பா 1971 ஜனவரி 6-ம் தேதி ஜப்பானில் நிகழ்ச்சி நடத்தப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்து போனார். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் நிற்கக் கூடாது என்று மகன் மேடையேறினார். மறைய வைக்கிற குடும்பத்தில் ஒரு நிஜமான மறைவு. அதற்கு ரிகர்சல் கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஒரு சமாசாரம் உண்டு. 1984 ஏப்ரல் 15. மறுபடி லண்டன், மறுபடி நேரடி ஒளிபரப்பு. டாமி கூப்பர் என்று ஒரு மேஜிக் கோமாளி. தலையில் சிவப்புக் குல்லா. வித்தை வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போகும். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கு நடுவிலேயே பின்னால் திரைமேல் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தியேட்டர் சிரித்தது. இன்னும் சரிந்தார். இன்னும் சிரித்தது. விளம்பர இடைவேளை விட்டார்கள். மாரடைப்பு; பிழைக்கவில்லை.

1956-ல் உயிரோடு இருந்த பெண்ணைச் செத்துவிட்டாள் என்று ஊரே பதறியது. 1984-ல் செத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஊரே சிரித்தது. பார்த்தது ஒரே தேசம், ஒரே மாதிரிப் பெட்டி. எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது அத்தையின் கேள்வி அவ்வளவு அசட்டுக் கேள்வியாகத் தெரிவதில்லை.

சரி, மோடி மஸ்தானுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியபோது, கிரிவலப் பாதையில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெரியவர் கடை விரிப்பார். கடை என்றால் ஒரு சாக்கு, ஒரு கூடை, ஒரு டமாரம், மூணு மரச் செப்பு. செப்படி வித்தை என்கிறோமே, அந்தச் செப்பு இதுதான். கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், மேலே ஒரு குமிழ். அந்தக் குமிழை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தூக்கித் தூக்கி வைப்பார். உள்ளே துணி உருண்டை இருக்கும், இருக்காது, மூணு இருக்கும், கடைசியில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

கூடையில் பாம்பு இருப்பதாகவும், கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகவும் சொல்வார். அந்தச் சண்டையை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஒரு கார்டு போடவும். நடுவில் யாராவது நழுவினால், 'வட்டத்தைத் தாண்டினவன் ரத்தம் கக்குவான்' என்பார். நழுவினவன் திரும்பி வந்து நிற்பான்.

இப்போது டி.வி.யைப் பாருங்கள். 'ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு அந்தப் பயங்கரக் காட்சி' என்கிறானே, அது என்ன? கீரி-பாம்பு சண்டைதான். வித்தை இலவசம், தாயத்துதான் வியாபாரம் என்பது பெரியவரின் பிசினஸ். வித்தை இலவசம், சோப்புதான் வியாபாரம் என்பது டி.வி.யின் பிசினஸ். டி.வி.காரனிடம் இல்லாதது அந்த ரத்தம் கக்குகிற மிரட்டல் ஒன்றுதான். அது இருந்தால் ரிமோட்டை யாரும் தொடமாட்டோம்.

பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். "டி.வி.ல பெரிய பெரிய மேஜிக் எல்லாம் காட்டறாங்களே, பாத்தீங்களா?"

பீடியைப் பற்ற வைத்தார். "பாத்தேன் சார். நல்லாத்தான் பண்றாங்க. ஆனா அவங்களுக்கு எதிர்ல ஒரே கண்ணு. அதுவும் அவங்க சொன்ன எடத்துல நிக்கிற கண்ணு. எனக்கு முதுகுக்குப் பின்னாடி நூறு கண்ணு. மரத்து மேல வேற ரெண்டு பசங்க."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மேடைக்காரருக்குத் திரை, வெளிச்சம், பெட்டி, முன்பக்கம் மட்டும் ஜனம். டி.வி.யில் அதுவும் சுருங்கி, ஒரு கண்ணாடித் துண்டு பார்க்கிற கோணம் மட்டும். தெருவில் வித்தை காட்டுகிறவனுக்கு முன்பக்கமே கிடையாது. மறைக்க இடம் என்றால் அவன் கையும் பேச்சும்தான்.

அப்புறம் 1997-ல் ஒரு வில்லன் வந்தான். அமெரிக்காவில் ஃபாக்ஸ் டி.வி.யில் முகமூடி போட்ட ஒரு மேஜிக்காரர், மேடை வித்தைகளின் ரகசியத்தை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தார். பெண்ணை அறுப்பது, யானையை மறைப்பது, எல்லாம். அடுத்த வருஷம் முகமூடியைக் கழற்றினார். வால் வாலன்டினோ என்று பெயர். மேஜிக் உலகமே கொதித்தது. கேபிள் வழியாக அது இங்கேயும் வந்தது. நம்ம ஆபீஸ்களில் மறுநாள் டீ நேரத்தில் 'அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு பொண்ணுங்க சார்!' என்று விளக்கம் சொல்லாத ஆசாமி கிடையாது. ஒண்ணாம் தேதி வாங்குகிற சம்பளம் அஞ்சாம் தேதிக்குள் எந்த ஓட்டை வழியாக மறைகிறது என்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெரியவருக்கும் அடி விழுந்தது. ஒரு பௌர்ணமியில் நானே பார்த்தேன். காலேஜ் பையன்கள் நாலு பேர் வட்டத்துக்குள் நின்று, 'கைக்குள்ள வெச்சிருக்காரு, கைக்குள்ள வெச்சிருக்காரு' என்று கத்தினார்கள். பெரியவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இல்லை. 'சட்டைக்குள்ள!' சட்டையைக் கழற்றினார். எலும்பு தெரிகிற உடம்பு. இல்லை. பையன்கள் சிரித்தார்கள். கூட்டத்துக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். செப்பைத் தூக்கினார், உருண்டைகள் சரியாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை. அன்றைக்குச் சாக்கில் விழுந்தது மொத்தம் ஏழோ எட்டோ ரூபாய். டமாரத்தைத் துணியில் சுற்றும்போது, "தெரிஞ்சிக்கிட்டா ஒண்ணும் தப்பில்ல சார். கத்தக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெட்டியில் இருக்கிற ரகசியம் சொன்னால் தீர்ந்துவிடும். விரலில் இருக்கிற ரகசியம் தீராது. அமெரிக்காவில் பென்-டெல்லர் என்று ஒரு ஜோடி. இதே செப்படி வித்தையைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டம்ளரில் செய்து காட்டுகிறார்கள். உருண்டை உள்ளே போவது, வருவது எல்லாம் கண்ணுக்கு எதிரேயே தெரிகிறது. தெரிந்தும் பின்தொடர முடியவில்லை! அவர்களுக்கு அரங்கம் நிறைய ஜனம். இவருக்கு எட்டு ரூபாய்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த கணக்கு இல்லை. தென்னிந்தியாவிலிருந்து ராமசாமி என்று ஒருத்தர் 1810-களில் லண்டன் போனார். வெள்ளைக்காரன் வாயில் அது 'ராமோ சாமி' ஆயிற்று. பந்து வீசிப் பிடிப்பது, கத்தி விழுங்குவது. ஊரே அவர் பேச்சாக இருந்தது. அமெரிக்கா கூடப் போய் வந்தார். 1850-ல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல், அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

1830-வாக்கில் மெட்ராஸில் ஒரு பிராமணர், ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கும் பேர் சேஷால், ஒரு கையை மட்டும் கம்பின் மேல் வைத்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். லண்டன் பத்திரிகையில் படம் போட்டார்கள். 1847-ல் பாரிஸில் ராபர்ட்-ஹூடின் தன் மகனை ஒரு கோலின் மேல் அந்தரத்தில் படுக்க வைத்து பேரும் புகழும் அடைந்தார். இப்போது அந்தர வித்தை என்றால் புத்தகங்களில் பெரிய எழுத்தில் யார் பேர் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியக் கயிற்று வித்தை கதை இன்னும் வேடிக்கை. கயிற்றை வீசினால் கம்பு மாதிரி நிற்கும், பையன் ஏறி மறைந்து போவான் என்று உலகமே நம்புகிறதே, அந்த நம்பிக்கையைப் பரப்பியது 1890-ல் 'சிகாகோ ட்ரிப்யூன்' போட்ட ஒரு கட்டுக்கதை. சில மாதம் கழித்து அது கற்பனை என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அதை யார் படித்தார்கள்? 1934-ல் லண்டன் 'மேஜிக் சர்க்கிள்' சங்கம், நிஜமாகச் செய்து காட்டுகிறவனுக்கு 500 கினி பரிசு என்றது. பரிசு அப்படியே இருந்தது. கடைசியில் தில்லி கத்புத்லி காலனியைச் சேர்ந்த இஷாமுதீன் கான், 1995-ல் குதுப்மினார் பக்கம் திறந்தவெளியில் ஒரு கயிற்றை எழுந்து நிற்கச் செய்து பையனை ஏற விட்டார். பையன் மறையவில்லை. ஆனால் கயிறு நின்றது சார்!

அவர் மாதிரி ஆட்களுக்கு நம் நாட்டில் இருந்த மரியாதை என்ன தெரியுமா? 1959-ம் வருஷத்து பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் செல்லும். தெருவில் பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது என்ற பேரில் காசு வாங்கினாலும் அது பிச்சை, பிடித்துக்கொண்டு போகலாம். 2018 ஆகஸ்டில்தான் தில்லி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. மகாராஜா உடுப்பில் டி.வி.யில் செய்தால் கலைஞர். சாக்கு விரித்துச் செய்தால் பிச்சைக்காரர். மத்தியில் இருக்கிற வித்தியாசம் அந்த ஜரிகைக் கோட்டுதான்.

சர்க்காருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 'சர்க்கார்' என்ற குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றி, மந்திரவாதி என்று அர்த்தம் வரும் வார்த்தை ஞாபகம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டவர் அவர். உலகத்திலேயே சிறந்த மேஜிக்காரர் என்று தானே போட்டுக்கொண்டார். மற்றவர்கள் தலைக்கனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராமசாமி கதை தெரிந்த எவனும் கொஞ்சம் சத்தமாகத்தான் தன் பேரைச் சொல்லிக்கொள்வான். 1964-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2010-ல் தபால்தலை வெளியிட்டார்கள்.

பெரியவர் இப்போது வருவதில்லை. அவர் மகன் வருகிறார். கூடை கிடையாது, பாம்பை வைத்திருந்தால் வனத்துறை பிடிக்கும். செப்பு அதே செப்பு, அப்பாவின் கை பட்டுக் கறுத்தது.

அவருக்குப் பிரச்னை டி.வி. இல்லை, செல்போன். நூறு கண் என்று அப்பா சொன்னாரே, அந்த நூறும் இப்போது படம் பிடிக்கிறது. வீட்டுக்குப் போய் மெதுவாக ஓட விட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று போன பௌர்ணமிக்குக் கேட்டேன்.

"அண்ணே, நின்னு பாருங்க" என்றார்.

டமாரம் அடித்ததும் கூட்டம் சேர்ந்தது. ஒரு பையன் சரியான கோணத்தில் செல்போனைத் தூக்கினான். இவர் நேராக அவனிடம் போனார். "தம்பி, நீதான் இன்னைக்கு நடுவரு. வா, வா, இப்படி உள்ள வா." கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். பையன் கூச்சத்தோடு செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். அவன் இடது கையில் ஒரு செப்பு, வலது கையில் ஒரு செப்பு. "கெட்டியாப் புடி. விட்டீன்னா எல்லாம் போச்சு." அடுத்து செல்போன் தூக்கியவன் கையில் டமாரத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். மூணாவது ஆள் நான். என் கையில் எலுமிச்சம்பழம்.